இரண்டு வெள்ளி ரசீது

நான் வாரத்தில் மூன்று நாள் வேலை பார்க்கும் மனநல ஆலோசனை நிலையம் சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பாலர் பள்ளிக்கும் மூத்தோர் நடவடிக்கை நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது. இலாப நோக்கமில்லாத சிறிய அமைப்பு அது. நான் ஆலோசகர் அல்ல. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து தொலைபேசியை எடுப்பதும், படிவம் நிரப்ப உதவுவதும், கட்டணம் வாங்கி ரசீது எழுதுவதும், தமிழ் மட்டுமே சரளமாக வரும் தாயோ தகப்பனோ வந்தால் உள்ளே போய் மொழிபெயர்ப்பதும் என் வேலை. இங்கே நான் எழுதப்போகும் குடும்பங்களின் தொழில், பிள்ளைகளின் வயது, வந்துபோன நாள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் கொடுத்த தொகையை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்தப் பதிவே அந்தத் தொகையைப் பற்றியதுதான்.

சிங்கப்பூரில் தனியார் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கு நூறு வெள்ளிக்குக் குறைவாக யாரும் கிடைப்பது அரிது. ஒருமுறை பேசிவிட்டு எழுந்து வருவதால் எதுவும் ஆகிவிடாது, ஆறு முறையோ பத்து முறையோ போகவேண்டியிருக்கும் என்னும்போது, இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளிச் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது எட்டாத கணக்கு. இலவச உதவிகள் இல்லாமல் இல்லை. குடும்ப சேவை நிலையத்தில் சமூக ஊழியரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் ஒருவராவது இருக்கிறார். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மனநலக் கழகத்தில் மானியக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். 16 முதல் 30 வயது வரையுள்ள இளையர்களுக்கு அக்கழகத்தின் 'சாட்' பிரிவு இலவசமாகவே மனநலப் பரிசோதனை செய்து தருகிறது. ஆனால் சமூக ஊழியரின் மேசையில் வாடகை நிலுவையும் மின்கட்டணமும் பிள்ளையின் பள்ளி வருகைப் பதிவும் வரிசை பிடித்து நிற்கும். பள்ளி ஆலோசகரின் அறைக்குள் நுழைவதை வகுப்புத் தோழன் பார்த்துவிடுவான் என்று பிள்ளை மறுப்பான். மருத்துவமனையோ நோய்க்கான இடம். நோய் என்று பெயர் வைக்க முடியாத, அதே நேரத்தில் ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் ஓராண்டாகப் பேசிக்கொள்ளாத நிலையை எடுத்துக்கொண்டு அங்கே போக யாருக்கும் தோன்றாது. இந்த இடைவெளியில்தான், 1966ல் தொடங்கிய கவுன்சலிங் அண்ட் கேர் சென்டர் போன்ற பழைய அமைப்புகள் முதல் அண்மையில் இளையர்களுக்காகவே தொடங்கப்பட்டவை வரை, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் நிலையங்கள் இயங்குகின்றன.

கணக்குப் போடும் முறை எளிது. வீட்டின் மொத்த மாத வருமானத்தை வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். தகப்பனுக்கு 2,600 வெள்ளி, தாய்க்குப் பகுதிநேர வேலையில் 1,100 வெள்ளி, வீட்டில் ஐந்து பேர் என்றால் தலைக்கு 740 வெள்ளி வரும். எங்கள் அட்டவணைப்படி ஒரு மணி நேரத்துக்கு இருபது வெள்ளி. அதே வீட்டில் ஊரிலிருந்து வந்து நிரந்தரவாசியாகிவிட்ட பாட்டி ஒருவர் இருந்து, அவரையும் சேர்த்தால் தலைக்கு 616 ஆகிவிடும். கட்டணம் பத்து வெள்ளி. பெரும்பாலோர் பாட்டியை விட்டுவிடுகிறார்கள். சம்பாதிக்காதவரை எதற்குச் சேர்ப்பது என்று நினைக்கிறார்களோ என்னவோ, நான்தான் ஒவ்வொரு முறையும் "வீட்டில் பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டு வாங்குகிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், உதவி தேடி வருகிறவர்கள் வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள், சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கவேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். நான் பார்த்த தகப்பன்மார் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஒரே ஒரு மாதம் கிடைத்த மிகைநேர ஊதியத்தையும் நிரந்தரச் சம்பளம்போலச் சேர்த்துச் சொல்லிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் படிவத்தைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பத்து வெள்ளி, எங்களுக்கு ஒரு மணி நேர ஆலோசனைக்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்கும் காணாது. மீதியை நன்கொடையும் மானியமும்தான் தாங்குகின்றன. அரசாங்கத்தின் தனித் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு என்பதால் ஆண்டு முடிவில் சற்றுக் கூடுதலாக வரும். நம் சமூகத்துக்கு இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. சம்பளச் சீட்டில் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கான பிடித்தத்தைப் பார்க்காத சிங்கப்பூர் இந்தியர் குறைவு. சம்பளத்தைப் பொறுத்து மாதம் ஒரு வெள்ளி முதல் முப்பது வெள்ளி வரை, மத்திய சேமநிதிச் சந்தா போகும் வழியிலேயே அதுவும் போய்விடுகிறது. 1991ல் இந்திய மாணவர்களின் கல்வி நிலை குறித்த கவலையில் பிறந்த அமைப்பு என்பதால் இன்றும் பலருக்குச் சிண்டா என்றால் துணைப்பாட வகுப்புதான். அது குடும்ப சேவை நிலையமும் நடத்துகிறது என்று தொலைபேசியில் நான் சொல்லும்போது, மறுமுனையில் "அப்படியா? நான் இருபது வருஷமாக் கட்டிட்டு வரேனே" என்று வியக்கிறவர்களுக்குக் குறைவில்லை.

இந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் 'ஆலோசனை' என்ற சொல் எவ்வளவு சிக்கலானது என்பது தெரிந்தது. பெயர்ப்பலகையில் மனநல ஆலோசனை என்று எழுதியிருக்கிறது. படிக்கிறவர் அறிவுரை என்று புரிந்துகொள்கிறார். "எங்க பையனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னாக் கேப்பான்" என்று ஒப்படைத்துவிட்டுப் பக்கத்துச் சந்தைக்குப் போய்வரலாமா என்று கேட்ட தாயும் உண்டு. இன்னும் சிலர் பஞ்சாயத்துக்கு வருவதுபோல வருகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கிடைக்கும், மாமியாரோ மருமகளோ தோற்றுப்போவார் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆலோசகர் அறிவுரையும் சொல்லாமல் தீர்ப்பும் கொடுக்காமல் "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கிறாரே என்ற சந்தேகம் வருவது இயல்புதான். ஆலோசித்தல் என்றால் கூடி எண்ணிப்பார்ப்பது என்ற பழைய பொருளே இங்கே நடப்பதற்குப் பொருத்தமானது. அதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே விளக்கிவிடுகிறேன். விளக்காமல் விட்டவர்களில் பாதிப்பேர் இரண்டாம் முறை வருவதில்லை என்பது என் அனுபவம்.

படிவத்திலும் இதே தொல்லை. மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் இன்னின்ன தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்பதற்குப் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடவேண்டும், மொத்தம் 27. அதன் முதல் கேள்வி, செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பது. சென்ற ஆண்டு ஒரு தாய்க்கு அதை வாசித்துக் காட்டினேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் கையில் கீறிக்கொள்கிறாள் என்று பள்ளி சொல்லி வந்தவர். மகளோடு தாயையும் பார்க்கவேண்டும் என்று ஆலோசகர் கேட்டிருந்தார். அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆர்வமா? காலையில நாலரைக்கு எழுந்து சமைச்சு வச்சிட்டு வேலைக்குப் போறதுக்கு ஆர்வம் எதுக்குமா?" என்றார். கேலி அதில் இல்லை, உண்மையிலேயே கேட்டார். பூச்சியம் போடுவதா மூன்று போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கம், பசி ஆகிய கேள்விகளுக்கெல்லாம் "அது பரவாயில்ல" என்றே பதில் வந்தது. தாளை மூடி வைத்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தபோதுதான், நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருக்கிறது, பேருந்தில் உட்கார்ந்தால் காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது, இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன் என்றார். அந்தத் தாளில் இவற்றுக்குக் கட்டம் இல்லை. நான் ஓரத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்; ஆலோசகர் அதைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னார்.

வீட்டுக்குள் மொழி பிரிந்து கிடப்பதும் ஒரு காரணம். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020ல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இந்த எண்களை நாம் வழக்கமாகத் தமிழ் வாழுமா என்ற விவாதத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். ஆலோசனை அறையில் அதற்கு வேறு பொருள். மகன் தன் கோபத்தை ஆங்கிலத்தில்தான் சொல்ல முடியும். தகப்பன் தன் பயத்தைத் தமிழில்தான் சொல்ல முடியும். இருவரும் அன்றாடம் பேசிக்கொள்வது சாப்பாடு, பணம், கதவைப் பூட்டினாயா என்ற அளவுக்கான கலப்புத் தமிழ். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆலோசகரிடம் இவர்கள் போனால் மகனே மொழிபெயர்ப்பாளனாகிவிடுவான். தன்மீது தகப்பன் சொல்லும் குறையைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய பதினைந்து வயதுப் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டேன். பாதியைத் தின்றுவிட்டான், நான் அவன் இடத்தில் இருந்தாலும் தின்றிருப்பேன். அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை. இரு மொழியும் தெரிந்த ஆலோசகர் வியாழக்கிழமை மாலை மட்டும் வருகிறார்; அந்த மாலைக்கான வரிசை மற்ற எல்லா நாள்களையும்விட நீளம்.

இதற்கிடையே ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் ஆலோசகர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டப்படி கட்டாயப் பதிவு கிடையாது. ஆகவே கட்டணம் குறைவு என்பதற்காக எங்கும் போய் உட்கார்ந்துவிடாமல், என்ன படித்தார், எந்தச் சங்கத்தில் பதிந்திருக்கிறார், அவருடைய வேலையை மேற்பார்வை பார்க்கும் மூத்தவர் யார் என்று கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகவேண்டாம்.

தொலைபேசியில் என்னிடம் கட்டணத்தைக் கேட்கிறவர்களைவிட வேறொன்றைக் கேட்கிறவர்களே அதிகம். "தேசிய சேவையில எழுதிடுவாங்களா?", "நாளைக்கு அரசாங்க வேலை கிடைக்காமப் போயிடுமா?", "பெண் பார்க்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?" இந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்துவதில்லை, நம் பெற்றோர் தலைமுறைக்கு மனநலக் கழகத்தின் பழைய பெயரான 'உட்பிரிட்ஜ்' என்ற ஒரு சொல்லே வசைச்சொல்லாக இருந்தது. அறையில் பேசுவது அறையைவிட்டு வெளியே போவதில்லை, பள்ளிக்கோ முதலாளிக்கோ நாங்களாக எதுவும் அனுப்புவதில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, பிள்ளை கொடுமைக்கு உள்ளாவது, நீதிமன்ற உத்தரவு ஆகியவை வந்தால் சொல்லியே தீரவேண்டும் என்பதை முதல் நாளிலேயே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே சொல்லிவிடுகிறோம். இன்னும் ஒரு பயம் இருக்கிறது, அதை யாரும் நேராகக் கேட்பதில்லை. பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதை வெளியே சொன்னால் போலீஸ் வழக்குப் போட்டுவிடும் என்ற பயம். ஒரு காலத்தில் அது சட்டப்படி குற்றமாகத்தான் இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல. ஆண்டுகள் ஓடிவிட்டன, இன்னும் நான் இதைத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

மனநலக் கழகம் 2024ல் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வில், 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், துல்லியமாகச் சொன்னால் 30.6 விழுக்காட்டினர், கடுமையான மனச்சோர்வோ பதற்றமோ மன அழுத்தமோ இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் ஏறும் பிள்ளைகளை எண்ணிப்பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நிலையம் பூட்டியிருக்கும் நேரத்தில் யாருக்காவது அவசரம் என்றால், 1969ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 என்ற எண்ணும், 2025ல் வந்த தேசிய மனநல உதவி எண்ணான 1771ம் இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984 முதல் நடத்திவரும் 'டிங்கிள் ஃபிரெண்ட்' உதவித் தொலைபேசி இருக்கிறது. இவற்றை எங்கள் கதவின் வெளிப்புறத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்.

இனி அந்த ரசீதுக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை வரிசையில் ஒரு தகப்பனும் மகனும் வந்துகொண்டிருந்தார்கள். தகப்பனுக்குக் கிடங்கில் இரவு வேலை. மகன் உயர்நிலை நான்கில் பாதியில் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கி, நடுவில் பத்தடி இடைவெளி விட்டு நடந்து வருவார்கள். காத்திருக்கும் இடத்தில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஆலோசனை முடிந்ததும் தகப்பன் மேசைக்கு வந்து சிவப்புப் பத்து வெள்ளித் தாளை நீவி வைப்பார். கைத்தொலைபேசியில் பணம் அனுப்பும் 'பேநவ்' வழியாகவும் கட்டலாம் என்று ஒருமுறை சொன்னேன். "கையால கொடுத்தாத்தான்மா கொடுத்த மாதிரி" என்றார். நான் எழுதிக் கொடுக்கும் ரசீதை நான்காக மடித்து, ஈசி லிங்க் பயண அட்டை இருக்கும் உறையில் அட்டைக்குப் பின்னால் செருகிக்கொள்வார். அந்த உறை ரசீதுகளால் உப்பியிருந்தது. அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, கிடங்கில் ஆட்குறைப்பு நடந்து அவருக்கு வேலை போய்விட்டது என்று ஆலோசகர் எனக்குக் குறிப்பு அனுப்பியிருந்தார், கட்டணத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி. நான் உடனே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முழுவதுமாகத் தள்ளுபடி செய்ய எங்கள் விதியில் இடம் இருந்தது. அவர் தாளை நீவிக்கொண்டு மேசைக்கு வந்தபோது, நல்ல செய்தி சொல்லும் உற்சாகத்தில், "அண்ணே, இனிமே நீங்க ஒன்னும் கட்டவேண்டாம், எல்லாம் ஃப்ரீ" என்றேன். மகன் பக்கத்தில் நின்றான். பின்னால் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர் தாளைப் பையில் வைத்துக்கொண்டு "சரிம்மா" என்று சொல்லிப் போனார். மகன் வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அடுத்த வியாழன் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. கூப்பிட்டபோது, "வேலை தேடி அலையறேன்மா, நேரம் ஒத்துவரல" என்றார். மூன்றாவது வாரம் எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு அன்று என்ன நடந்தது என்று விசாரித்தார். நான் சொன்னதை நான் சொன்னபடியே சொன்னேன். அவர் திட்டவில்லை. "மகன் முன்னாலயா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பிறகு மேலாளரே தொலைபேசியில் பேசினார். வேலை இல்லாத குடும்பங்களுக்குக் கட்டணம் இரண்டு வெள்ளி என்று நிலையம் முடிவு செய்திருக்கிறது, அன்று மேசையில் சொன்னது தவறான தகவல், சிரமத்துக்கு மன்னிக்கவேண்டும் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை; அந்த முடிவு தொலைபேசியை எடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு எடுக்கப்பட்டது. அந்த வாரமே இருவரும் வந்தார்கள். அவர் ஊதா நிற இரண்டு வெள்ளித் தாளை மேசைமேல் வைத்து, அதே மாதிரி உள்ளங்கையால் ஒருமுறை நீவினார். நான் ரசீதை எழுதினேன். எழுத்தால் எழுதும் இடத்தில் 'இரண்டு வெள்ளி மட்டும்' என்று எழுதும்போது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் மடித்துச் செருகிக்கொண்டார்.

இன்று அந்த விதி எல்லோருக்கும் பொருந்தும். முழுத் தள்ளுபடி கேட்கிறவர்களுக்கு அதையும் கொடுக்கிறோம், ஆனால் அதை அறைக்குள் கதவை மூடிக்கொண்டு ஆலோசகர்தான் சொல்வார். நான் மேசையில் எதையும் அறிவிப்பதில்லை.

இந்த ஆண்டுக் கணக்குத் தணிக்கைக்கு வந்த இளைஞர் ரசீதுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். இரண்டு வெள்ளி, இரண்டு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று ஒரே பெயரில் வரிசையாகக் கிடந்தன. மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்து எட்டு வெள்ளிக்கு ஒரு ரசீதாகப் போடலாமே, வேலையும் மிச்சம் தாளும் மிச்சம் என்றார். அவர் சொன்னது சரியான கணக்கு. ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கோப்பைக் கேட்டார்.